டிரைவர் கோடில் பழைய கமெண்ட்டுகள்: எதை நீக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

தொழிற்சாலைக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அந்த நிறுவனம் விற்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் டேட்டா அக்விசிஷன் கார்டின் லினக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. மூன்று சி கோப்பு, ஒரு ஹெடர், எல்லாம் சேர்த்து 3,800 வரி. 2011-இல் ஒப்பந்த அடிப்படையில் வந்த ஒருவர் எழுதத் தொடங்கியது. பிறகு ஐந்தாறு பேர் கை வைத்திருக்கிறார்கள். இன்று 5.15 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடுகிறது. அதை அதிகாரப்பூர்வ லினக்ஸ் கெர்னலிலேயே சேர்த்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. முதல் வேலையாக, கோடின் நடுவே மனிதர் படிக்க எழுதிய குறிப்புகளான கமெண்ட்டுகளைப் பற்றி, "கமெண்ட்டை எல்லாம் க்ளீன் பண்ணிடுங்க, ரெண்டு நாள் போதும். கமெண்ட்தானே, டெஸ்டிங் எதுவும் தேவையில்லை" என்றாராம் மேலாளர்.

வாசகி கேட்பவை இவை. கெர்னலின் எழுத்து நடை விதிகளைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் 600-க்கும் மேல் எச்சரிக்கை தருகிறது. தானாகத் திருத்தும் வசதியை வைத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? கோப்பின் தலையில் உள்ள பழைய பெயர்களையும் நீண்ட லைசென்ஸ் வாசகத்தையும் எடுத்துவிட்டு, லைசென்ஸைச் சுருக்கமாகக் குறிக்கும் ஒற்றை எஸ்பிடிஎக்ஸ் வரியும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் போடலாமா? "டம்மி ரீட்" என்று கமெண்ட் போட்ட ஒரு வரியையும், "எடுக்காதே!! போர்டு ஹேங் ஆகும்" என்று எழுதிய ஒரு வரியையும் என்ன செய்வது? சிப் தயாரிப்பாளரின் ரகசிய டேட்டாஷீட்டிலிருந்து (சிப்பின் தொழில்நுட்ப விவர ஆவணம்) அப்படியே எடுத்த வாக்கியங்கள் கமெண்ட்டில் இருக்கின்றனவே, அவற்றை நீக்கினால் போதுமா? கடைசியாக, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தன் பெயரில் அனுப்பித் திட்டு வாங்கினால் வேலைக்குப் பாதிப்பு வருமா என்ற பயம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மேலாளர் சொன்னதில் பாதி சரி. சி கம்பைலர் ஒவ்வொரு கமெண்ட்டையும் ஒரு இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் மேலே போகும். கமெண்ட்டில் இருக்கும் எழுத்து எதுவும் சிப்பைச் சென்றடையாது. ஆனால் கமெண்ட்டைத் திருத்தும் கை கோடையும் சேர்த்துத் திருத்திவிடும் இடங்கள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, இன்று நீங்கள் நீக்கும் கமெண்ட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் ஒரு தேவையான வரியை நீக்குவது. இரண்டு நாள் கணக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கமெண்ட்டையும் படித்து, எதிரே உள்ள கோடையும் படித்துத் தீர்மானிக்க, ஒரு நாளைக்கு 400, 500 வரிதான் நிதானமாக முடியும். இரண்டு வாரம் கேளுங்கள்.

டெஸ்டிங் வேண்டாமா?

சில இடங்களைச் சொல்கிறேன். // என்று தொடங்கும் கமெண்ட்டின் கடைசி எழுத்து பின்சாய்வுக்கோடாக, அதாவது \ ஆக இருந்தால், அடுத்த வரியும் கமெண்ட்டுக்குள் போய்விடும். விண்டோஸ் பாதை ஒன்றைக் கமெண்ட்டில் எழுதி வைத்த பழைய கோடுகளில் இது நிஜமாகவே நடக்கும். பல வரி மேக்ரோ ஒன்றின் நடுவில் // கமெண்ட் போட்டாலும் இதே கதி: வரிகளை ஒட்டிய பிறகுதான் கமெண்ட் நீக்கப்படும் என்பதால், மேக்ரோவின் மீதிப் பகுதி முழுவதும் காணாமல் போகும். // வகையை /* */ வகையாக மாற்றும்போது உள்ளே ஏற்கெனவே ஒரு */ இருந்தால், கமெண்ட் பாதியில் முடிந்து மிச்சம் கோடாக வெளியே வரும். இதில் பெரும்பாலும் கம்பைலரே கத்திவிடும். முதல் இரண்டில் ஒட்டப்பட்ட வரி பிழையில்லாத சி-ஆக அமைந்துவிட்டால் ஒரு எச்சரிக்கையோடு கம்பைல் ஆகிவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

சுவிட்ச் கூற்றுகளில் "ஃபால் த்ரூ" என்று எழுதிய கமெண்ட் தனி ரகம். ஒரு பிரிவு பிரேக் இல்லாமல் அடுத்த பிரிவுக்குள் தொடர்வது வேண்டுமென்றேதான் என்று சொல்வது அது. அந்த வாசகத்தைக் கண்டால் ஜிசிசி கம்பைலர் அந்த இடத்தில் எச்சரிக்காமல் விட்டுவிடும். கிளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு அது வெறும் கமெண்ட். அதனால் கெர்னல் 2020-இல் மொத்தமாக ஃபால்த்ரூ என்ற போலிச் சொல்லுக்கு மாறிவிட்டது. உங்கள் கோப்பில் அந்தக் கமெண்ட் இருந்தால் அழிக்காமல் அந்தக் கூற்றாக மாற்றுங்கள். மாற்றும் முன், அங்கே பிரேக் விட்டது வேண்டுமென்றேதானா என்று ஒருமுறை பாருங்கள்.

மேலாளருக்குக் காட்ட ஒரு நல்ல சாட்சி உண்டு. கமெண்ட் மட்டும் மாறிய கமிட் (கிட் என்ற பதிப்புக் காப்புக் கருவியில் பதிந்த ஒரு மாற்றம்) என்றால், முன்னும் பின்னும் உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோப்புகளை ஆப்ஜ்டம்ப் கொண்டு அசெம்பிளியாக விரித்து டிஃப் போட்டால் வித்தியாசமே வரக் கூடாது. கோப்புகளை பைட் பைட்டாக நேரடியாக ஒப்பிடாதீர்கள். கமெண்ட் குறைந்தால் வரி எண் நகரும்; டைனமிக் டீபக், வார்ன்-ஆன், டீபக் தகவல் எல்லாமே வரி எண்ணைச் சேமித்து வைப்பதால் கோப்பு மாறியதாகவே காட்டும். டீபக் இன்ஃபோ, டைனமிக் டீபக், அட்டாமிக் ஸ்லீப் சோதனை மூன்றையும் அணைத்த ஒரு கான்ஃபிகை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் சில நிமிடம்தான் ஆகும். இந்தச் சோதனையில் தேறிய கமிட்டைக் கார்டில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. தேறாததை ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வரிகள்

முதலில் "டம்மி ரீட்". கார்டை நிறுத்தும் ஃபங்ஷனில், இன்டரப்ட் (கார்டு சிபியுவை அழைக்கும் சைகை) மாஸ்க் ரெஜிஸ்டரில் ரைட்எல் கொண்டு எழுதிவிட்டு, உடனே அதே கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ரீட்எல் கொண்டு படித்து, வந்த மதிப்பை எங்கும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். வீண் வரி என்று கமெண்ட்டோடு சேர்த்து நீக்க நினைக்கிறீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். பிசிஐ எழுத்து "போஸ்டட்" வகை. சிபியு எழுதி முடித்ததாக நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விடும், மதிப்போ வழியில் உள்ள பிரிட்ஜின் பஃபரில் காத்திருக்கலாம். அதே கார்டிலிருந்து ஒன்றைப் படித்தால், முன்னால் எழுதியவை கார்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். அந்தப் படிப்பு இல்லையென்றால், இன்டரப்ட்டை மூடிவிட்டோம் என்று நம்பி, இன்டரப்ட் ஏற்பாட்டை விடுவிக்கும் ஃப்ரீ-ஐஆர்க்யூ ஃபங்ஷனை டிரைவர் அழைக்கும். அப்போதும் கார்டு இன்டரப்ட் கொடுத்துக்கொண்டிருக்கலாம். பழைய வகைப் பகிர்வு இன்டரப்ட் லைனாக இருந்தால், "நோபடி கேர்டு" என்ற செய்தியோடு கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். அதே லைனில் உள்ள மற்றக் கருவியும் சேர்ந்து செயலிழக்கும்.

இன்டெல்லின் இ1000 நெட்வொர்க் டிரைவரைத் திறந்து பாருங்கள். இன்டரப்ட்டை அணைக்கும் ஃபங்ஷனில் இதே உத்தி இருக்கிறது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும் வேலைக்கு "ரைட் ஃப்ளஷ்" என்று ஒரு மேக்ரோவே வைத்திருக்கிறார்கள். பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கோடிலும் "டம்மி ரீட்" என்ற வாசகத்தை மட்டும் மாற்றி, "மாஸ்க் எழுத்து கார்டைச் சேர்ந்ததை உறுதி செய்யப் படிக்கிறோம், ஃப்ரீ-ஐஆர்க்யூவுக்கு முன் இது நடக்க வேண்டும்" என்ற பொருளில் எழுதுங்கள். இந்த 3,800 வரியில் உங்கள் கையால் நடக்கும் மிக உருப்படியான திருத்தம் இதுவாகவே இருக்கலாம்.

அடுத்தது "எடுக்காதே!! போர்டு ஹேங் ஆகும்". ரீசெட் பிட்டை எழுதிய பின் 20 மில்லி நொடி எம்ஸ்லீப், அதாவது காத்திருப்பு. எழுதியவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, சொல்லாமல் போய்விட்டார். கிட் லாக்கில் பெரிய எஸ் விருப்பத்தோடு அந்த வாசகத்தைக் கொடுத்துத் தேடினால் அது எந்த கமிட்டில் நுழைந்தது என்று தெரியும். கமிட் செய்தியில் டிக்கெட் எண் இருந்தால் டிக்கெட்டைத் திறங்கள். ஹார்டுவேர் பிரிவில் பழைய ஆள் யாராவது இருந்தால் கேளுங்கள். டேட்டாஷீட்டில் ரீசெட் நேரத்துக்கான அட்டவணை இருக்கும். ஓரமாக ஒரு கார்டு கிடைத்தால், தாமதத்தைக் குறைத்து ரெஜிஸ்டரைப் படித்துப் பாருங்கள். எல்லா பிட்டும் 1 ஆக வந்தால், கார்டு பஸ்ஸில் பதிலே தரவில்லை என்று பொருள். காரணம் தெரிந்ததும் இந்த மூன்றைக் கமெண்ட்டில் வையுங்கள்: என்ன நடக்கும், எந்தப் போர்டு ரிவிஷனில், 20 என்ற எண் எங்கிருந்து வந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? "காரணம் தெரியவில்லை, இந்த ரிவிஷனில் இது இல்லாமல் கார்டு நின்றுபோனது" என்று உள்ளபடி எழுதுங்கள். பொருத்தமாகத் தோன்றும் ஒரு காரணத்தை ஊகித்து எழுதுவதுதான் மிக மோசம். படிப்பவர் அதை டேட்டாஷீட் வாக்காக எடுத்துக்கொள்வார்.

எவை போகலாம், எவை கோடாக மாற வேண்டும்

கமெண்ட்டாக்கி வைத்த பழைய கோடு, கம்பைலர் படிக்காதபடி இஃப் பூஜ்யத்துக்குள் அடைத்து வைத்தவை, அடைப்புக்குறி முடியும் இடத்தில் "ஃபார் முடிந்தது" என்று எழுதியவை, கீழே உள்ள வரியையே திரும்பச் சொல்பவை: இவற்றை யோசிக்காமல் நீக்கலாம். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமும் இதே பக்கம்தான். கோடு என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்று விளக்காதீர்கள், முடிந்தவரை ஃபங்ஷனின் தலையிலேயே சொல்லிவிடுங்கள் என்கிறது.

கோப்பின் தலையில் உள்ள மாற்ற வரலாறு கெர்னலுக்குள் போகக் கூடாது. ஆனால் உங்கள் கிட் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். 2011 முதல் சில ஆண்டுகள் கிட்டுக்கு வெளியே நடந்திருந்தால், அந்தக் காலத்தின் ஒரே பதிவு அந்தக் கமெண்ட்தான். நிறுவனத்துக்குள் ஒரு ஆவணமாக எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். டிக்கெட் எண்களை வெளியாள் யாரும் திறக்க முடியாது. டிக்கெட்டில் உள்ள காரணத்தை ஒரு வாக்கியமாகக் கொண்டுவந்து எண்ணை விடுங்கள். வாடிக்கையாளர் பெயர்கள் கட்டாயம் போக வேண்டும். இந்த ரெப்போவையே பின்னால் பொதுவில் திறக்கும் திட்டம் இருந்தால், நீக்கிய பெயர் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும் என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். பொது ரெப்போவைப் புதிய கமிட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில கமெண்ட்டுகள் கோடாக மாறினால்தான் பயன். "லாக் பிடித்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும்" என்ற வாக்கியத்தின் இடத்தில் லாக்டெப்பின், அதாவது கெர்னலின் லாக் சோதனை வசதியின், அசர்ட் ஹெல்டு வரியைப் போட்டால், லாக்டெப் இயக்கிய கெர்னலில் யாராவது மீறினால் அங்கேயே எச்சரிக்கை வரும். "பிட் 3: இன்டரப்ட் எனேபிள்" என்ற கமெண்ட்டோடு நிற்கும் வெறும் எண்ணுக்கு ஹெடரில் ஒரு பெயர் கொடுத்து பிட் மேக்ரோவால் வரையறுங்கள், கமெண்ட்டே தேவைப்படாது. இது கோடு மாற்றம் என்பதால் தனி கமிட். எண்ணுக்குப் பெயர் வைப்பதால் அசெம்பிளி பெரும்பாலும் மாறாது. லாக்டெப் வரியைக் கார்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

மெமரி பேரியர் (நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் கட்டளை) ஒவ்வொன்றுக்கும் ஒரு கமெண்ட் வேண்டும் என்று செக்பேட்ச் கேட்கும். ஸ்பின்லாக், மியூடெக்ஸ் ஆகிய லாக்குகளின் வரையறைகளுக்கும் அது எதைக் காக்கிறது என்று கேட்கும், ஸ்ட்ரிக்ட் விருப்பத்தோடு ஓட்டினால். சுத்தம் என்றால் குறைப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் டிரைவரில் இந்த இடங்களில் கமெண்ட் கூடத்தான் செய்யும்.

லைசென்ஸ் வாசகமும் பெயர்களும்

இங்கே அவசரம் வேண்டாம். லினக்ஸ் கெர்னலின் லைசென்ஸான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் முதல் பிரிவு, லைசென்ஸையும் உத்தரவாதமின்மையையும் குறிக்கும் அறிவிப்புகளை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறது. பழைய காப்பிரைட் வரிகளை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை. கீழே நிறுவனத்தின் வரியைச் சேர்க்கலாம். நீண்ட வாசகத்துக்குப் பதில் எஸ்பிடிஎக்ஸ் வரி போடுவது கெர்னலில் 2017 முதல் வழக்கம்தான், ஆனால் அதே உரிமையைச் சொல்லும் வரியாக இருக்க வேண்டும். பழைய வாசகத்தில் "அல்லது உங்கள் விருப்பப்படி பிந்தைய எந்தப் பதிப்பும்" என்று இருந்தால் 2.0-ஆர்-லேட்டர், இல்லாவிட்டால் 2.0-ஒன்லி. நான்கு கோப்பிலும் ஒரே வாசகம்தானா என்று தனித்தனியாகப் படியுங்கள். சி கோப்பின் முதல் வரியில் // கமெண்ட்டாகவும், ஹெடரில் /* */ கமெண்ட்டாகவும் எழுத வேண்டும். ஹெடர்களை அசெம்பிளரும் படிக்கக்கூடும், பழைய அசெம்பிளர் சிலவற்றுக்கு // புரியாது என்பதால் வந்த வேறுபாடு அது.

எந்தக் கோப்பிலாவது "ரகசியம், எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே" என்று இருந்தால், நீங்களாக அதை ஜிபிஎல் ஆக்க முடியாது. இந்தியக் காப்பிரைட் சட்டம் 1957-இன் பிரிவு 17(சி) படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஊழியர் வேலையாக எழுதியதன் முதல் உரிமையாளர் நிறுவனம். ஒப்பந்த அடிப்படையில் வெளியிலிருந்து வந்து எழுதியவருக்கு இது தானாகப் பொருந்தாது. 2011-இல் எழுதியவரின் ஒப்பந்தத்தில் உரிமை மாற்றம் எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டப் பிரிவு தேட வேண்டும். கெர்னலுக்கு அனுப்பும் மாற்றமான பேட்சில் "சைன்ட்-ஆஃப்-பை" வரி போடும்போது, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்வது நீங்கள். அதனால் நிறுவனத்தின் அனுமதியை மின்னஞ்சலிலாவது கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டேட்டாஷீட் வாக்கியங்களை நீக்கினால் மட்டும் போதாது. ரெஜிஸ்டர் முகவரி, பிட் பெயர் எல்லாமே அதே ரகசிய ஆவணத்திலிருந்து வந்து கோடிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சிப் தயாரிப்பாளரிடம் டிரைவர் முழுவதையும் ஜிபிஎல்லில் வெளியிட எழுத்து அனுமதி வாங்க வேண்டும். ஹெடர் கோப்பையும் சிக்கலான கமெண்ட்டுகளின் பட்டியலையும் இணைத்துக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். அதுவரை வெளியே எதுவும் போக வேண்டாம்.

செக்பேட்சைப் பயன்படுத்தும் விதம்

தானாகத் திருத்தும் ஃபிக்ஸ்-இன்பிளேஸ் விருப்பம் கோப்பின் மேலேயே எழுதிவிடும். பரிசோதனை நிலையில் உள்ளது, காப்பு இல்லாவிட்டால் பொறுப்பு உங்களுடையது என்று அதன் உதவிக்குறிப்பே சொல்கிறது. 600 எச்சரிக்கையையும் ஒரே டிஃப்பில் திருத்தினால் அதை யாராலும் படித்துச் சரிபார்க்க முடியாது. டைப்ஸ் விருப்பத்தில் பிளாக் கமெண்ட் ஸ்டைலை மட்டும் கொடுத்து ஒரு கமிட், எழுத்துப்பிழைக்கு கோட்ஸ்பெல் விருப்பத்தோடு ஒரு கமிட் என்று பிரியுங்கள். பல வரிக் கமெண்ட்டில் /* தனி வரியிலும், ஒவ்வொரு வரியிலும் நட்சத்திரம் ஒரே நேர்கோட்டிலும், */ தனி வரியிலும் வர வேண்டும். வரி நீளத்துக்கு செக்பேட்ச் 2020 முதல் 100 எழுத்தில்தான் எச்சரிக்கிறது. ஸ்டைல் ஆவணம் இன்னும் 80-ஐத்தான் விரும்புகிறது, கமெண்ட்டுக்கு 80 போதும். எழுத்துப்பிழைத் திருத்தம் கமெண்ட்டோடு நிற்கட்டும். மாட்யூல் பாராமீட்டர் பெயரிலோ சிஸ்எஃப்எஸ் கோப்பின் பெயரிலோ பிழை இருந்தால், வாடிக்கையாளரின் மென்பொருள் அந்தப் பிழையான பெயரைத்தான் தேடும்.

உங்கள் கோப்பில் எல்லாக் கமெண்ட்டும் அழகுக்காக /** என்று தொடங்குவதாக எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு நட்சத்திரம், கமெண்ட்டிலிருந்து ஆவணம் உருவாக்கும் கெர்னல்-டாக் கருவிக்கான அடையாளம். மேக் கட்டளையில் டபிள்யூ=1 போட்டால் ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வரும். ஃபங்ஷன் பெயர், சுருக்கம், ஒவ்வொரு ஆர்க்யுமென்ட், திரும்பும் மதிப்பு என்று முழுமையாக எழுதுங்கள். அந்த அளவுக்கு அவசியமில்லாத இடத்தில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

அனுப்புவது

இந்தச் சுத்தம் செய்யும் கமிட்டுகளை வெளியே அனுப்ப வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். தேவையில்லை. ஏற்கெனவே கெர்னலில் உள்ள டிரைவருக்குத்தான் சுத்திகரிப்பு பேட்ச் அனுப்புவார்கள். புதிய டிரைவர் என்றால் முடிந்த வடிவம்தான் போகும். நடுவில் நடந்தவை உங்கள் நிறுவன ரெப்போவில் இருக்கட்டும். டேட்டா அக்விசிஷன் கார்டுகளுக்கு கோமெடி என்ற பிரிவே உண்டு. 2.6.29-இல் ஸ்டேஜிங்குக்குள் (தரம் இன்னும் எட்டாத டிரைவர்களை வைக்கும் இடம்) வந்து, 2021-இல் 5.13-இல்தான் வெளியேறியது. ஸ்டேஜிங் வழியாக நுழைவது எளிது போலத் தோன்றும், ஆனால் பாக்கி வேலைகளின் பட்டியலோடு பல ஆண்டு உட்கார நேரும். நீங்கள் 5.15-இலிருந்து இப்போதைய கெர்னலுக்குக் கொண்டுவந்து, கமெண்ட்டுகளையும் இப்படிச் சீராக்கிவிட்டால் நேராக கோமெடிக்கே அனுப்பிப் பாருங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

திட்டு வாங்கும் பயம் பற்றி: மெயின்டெய்னர்கள் (கெர்னலின் அந்தந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர்கள்) கடுமையாகக் கேட்பது பெரும்பாலும் "ஏன்" என்ற கேள்விதான். "இந்தத் தாமதம் ஏன், இந்த ரீட் ஏன்" என்று கேட்டால் உங்கள் கமெண்ட்டிலேயே பதில் இருக்கும். குறை சொன்னால் திருத்தி இரண்டாம் பதிப்பாக அனுப்புவது அங்கே அன்றாட நடைமுறை; என்ன மாறியது என்பதை --- என்ற மூன்று சிறு கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். சைன்ட்-ஆஃப்-பை வரியில் இனிஷியலோடு நீங்கள் வழக்கமாக எழுதும் பெயரே போதும். பழைய ஆட்களில் தொடர்பில் இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கோ-டெவலப்ட்-பை வரியும், அதன் கீழேயே அவர்களுடைய சைன்ட்-ஆஃப்-பை வரியும் சேருங்கள்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பி, அதை கிட் ஏஎம் கட்டளையால் பதித்துப் பாருங்கள். நிறுவன மெயில் சர்வர் டேப்பை இடைவெளியாக மாற்றினாலோ, "இந்த மின்னஞ்சல் ரகசியமானது" என்று அடியில் ஒட்டினாலோ பேட்ச் ஏற்கப்படாது. அந்த வாசகம் இல்லாத ஒரு முகவரியை ஐடி பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். புதிய கெர்னல் வெளியான பின் வரும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் (புதியவற்றைக் கெர்னலில் சேர்க்கும் காலம்) அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள். அந்த வாரத்தில் கெர்னல்-டாக் எச்சரிக்கைகளில் மிச்சமிருப்பதைப் பார்த்து முடிக்கலாம்.